காலடியில் ஒரு கம்பளம்

தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்குக் கம்பளக் கடையில் என்ன வேலை என்று வாசகர் சிலர் நினைத்தல் கூடும். ஐம்பது வயது கடக்கும்வரை நானும் அவ்வாறே நினைத்திருந்தேன்.

சில மாதங்களுக்கு முன் வகுப்பிலே பிறமொழிச் சொற்களைப் பற்றிய பாடம் நடந்தது. "'காபட்' என்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வீர்கள்?" என்று கேட்டேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "குழியில்லாத தார் வீதி, ஐயா" என்றான். வகுப்புக் கொல்லென்று சிரித்தது. நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. செப்பனிட்ட வீதியைக் 'காபட் வீதி' என்றே ஊரெல்லாம் வழங்குகின்றது. அவன் அச்சொல்லைச் சந்தித்த இடம் வீதி, வீடு அன்று. பாயும் தடுக்கும் விரித்து வாழ்ந்த குடியில் வந்தவர்கள் நாங்கள். கம்பளம் என்னும் சொல்லே வடமொழியிலிருந்து வந்தது. கம்பளித் துணி என்னும் பொருளது. நிலத்தில் விரிக்கும் பல நிறக் கம்பளத்துக்கு 'இரத்தினக் கம்பளம்' என்று பெயரிட்டு, அதனை அரசவைக்கும் பெருமக்கள் வரவேற்புக்கும் உரியதாக ஒதுக்கிவைத்தோம்.

அத்தகைய பெருமக்களில் ஒருவனாக ஆக முயன்று நான் பட்ட பாட்டையும், என்னால் என் மனைவி பட்ட பாட்டையும் எழுதினால், கம்பளம் வாங்க எண்ணியிருப்பார்க்குப் பயன்படக்கூடும்.

தாயாரின் பாதங்கள்

எங்கள் வீடு கண்டி நகரை அடுத்த ஹந்தானை மலைச்சரிவில் இருக்கின்றது. சிவப்புச் சீமெந்து இட்ட பழைய தரை. மினுக்கினால் முகம் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் வடமராட்சியை விட்டு எங்களோடு வந்து தங்கினார். எண்பது கடந்தவர். சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து பழகிய பாதங்கள் அவருடையவை. மார்கழி விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்கி நிலத்தில் கால் வைத்ததும், "தம்பி, நிலம் ஐஸ் மாதிரிக் கிடக்குது. கால் விறைக்குது" என்பார். செருப்புப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்க அவர் ஒருப்படவில்லை. சாமி படம் இருக்கும் வீட்டுக்குள் செருப்பா என்பது அவர் கேள்வி.

நான் யாரையும் கேட்கவில்லை. சம்பள நிலுவை கைக்கு வந்த நாளிலே நகரத்துக் கடை ஒன்றில் நுழைந்து, யானைத் தந்தத்தின் நிறமும் விரல் நீள மயிரும் உடைய பெரிய கம்பளம் ஒன்றுக்குப் பணம் கட்டினேன். மறுநாள் ஆட்கள் வந்து தாயாரின் அறையிலும் கூடத்திலும் சுவரோடு சுவராக அதனைப் பசையிட்டு ஒட்டிவிட்டுச் சென்றார்கள். தாயார் மகிழ்ந்தார். அயலார் வந்து வியந்தார்கள். என் மனைவி மட்டும் குனிந்து அதனைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை எப்படிக் கூட்டிறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. அது ஒரு கேள்வியாகவே எனக்குப் படவில்லை என்பதே உண்மை.

முதல் வாரத்திலேயே காலடித் தடங்கள் தெரியத் தொடங்கின. வயல் வரப்பில் மாடு நடந்ததுபோல ஒவ்வோர் அடியும் பதிந்து கிடந்தது. தும்புத்தடியால் கூட்டினால் மயிர் சிக்கியது. மின் தூசி உறிஞ்சி ஒன்று வாங்கினோம். நீண்ட மயிர் அதனையும் திணறச் செய்தது. என் மனைவி முழங்காலில் நின்று கைத் தூரிகையால் நாள்தோறும் சீவினாள். ஐப்பசி மழை வந்தது. கம்பளத்திலிருந்து நனைந்த சாக்கின் நாற்றம் எழுந்தது. பெண் பருவத்தில் அவளை வருத்தி, பின் இருபது ஆண்டுகளாக ஒதுங்கியிருந்த தொய்வு நோய் மீண்டும் வந்தது. பக்கத்து அறையிலே நான் மாணவர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருக்கும் இரவுகளில், சுவருக்கு அப்பால் அவள் மூச்சு இழுபடும் ஒலி கேட்கும். கட்டுரையில் ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்த என் கண், அந்த ஒலிக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை. வைத்தியர்தாம் கண்டுபிடித்தார். "வீட்டில் என்ன புதிதாக வந்தது?" என்பது அவர் கேட்ட முதற் கேள்வி.

கம்பளத்தைப் பெயர்த்தோம். அடியில் இருந்த சணல் துணி கறுத்துப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. பெயர்த்த இடத்தில் வாரிய தூசி அரை வாளி. என் மனைவி அதனைப் பார்த்தாள். பின் என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு இது மெத்தை, எனக்கு இது வேலை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

குளிர்நாட்டுப் பிள்ளை

தாயாரின் கால் மீண்டும் விறைக்கத் தொடங்கியது. ஆகவே முதலில் செய்திருக்க வேண்டிய காரியத்தைப் பின்னர்ச் செய்தேன். கம்பளம் என்றால் என்ன என்று படித்தேன்.

உலகில் இன்று கிடைத்துள்ள முடிச்சுக் கம்பளங்களுள் மிகப் பழையது, 1949 இல் ருசிய அறிஞர் ருடென்கோ சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்னும் இடத்துக் கல்லறை ஒன்றில் கண்டெடுத்தது. ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளமுள்ள அவ்விரிப்பு இன்று சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் ஹெர்மிற்றாஜ் அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. கல்லறைக்குள் புகுந்த நீர் பனிக்கட்டியாக உறைந்தமையால் அது அழியாமல் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. கம்பளம் குளிர்நாட்டுப் பிள்ளை. வறண்ட காற்றிலே வளர்ந்த பிள்ளை. கூடாரத்தில் வாழ்ந்தவன் அதனை விரித்தான். பெயர்ந்து செல்லும்போது சுருட்டித் தோளில் இட்டான். சுவரோடு சுவராக அவன் ஒட்டவில்லை.

கண்டியோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ, மகாவலி வளைந்தோடும் ஈர நிலம். இரண்டு பருவக் காற்றுகளும் மழை தருகின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை. தூசியிலே வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் காற்றின் ஈரப்பதன் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பெருகமாட்டா என்று மருத்துவர் கூறுகின்றனர். எங்கள் ஊரிலே அவ்வாறு காற்று உலரும் நாள்கள் அரிது. அவ்வுண்ணிகளின் கழிவே தொய்வு நோயைத் தூண்டுவனவற்றுள் முதன்மையானது. ஆகவே ஒட்டிய கம்பளம் இங்கே விரிப்பன்று, விளைநிலம்.

முறுக்கிழையின் இரகசியம்

முன்பு சென்ற கடைக்கு மீண்டும் செல்லவில்லை. நகரில் நெடுங்காலம் விரிப்பு வணிகஞ் செய்யும் முஸ்லிம் பெரியவர் ஒருவரிடம் சென்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மாஸ்டர், நீங்க கண்ணால வாங்கினீங்க. கம்பளத்தைக் கையால வாங்கணும்" என்றார். பின்னர் ஒரு துண்டை எடுத்துவைத்து எனக்குப் பாடம் நடத்தினார். மாணவனாக இருந்து கேட்டேன்.

இக்காலத்துக் கம்பளங்களிற் பெரும்பான்மை கையால் முடிச்சிட்டவை அல்ல. ஊசிகளால் நூலை அடித்துணியிற் குத்தி இறக்கி, பின்புறம் பால்பசை பூசி இயந்திரத்திற் செய்தவை. இந்த முறைக்கு வித்திட்டவள் ஒரு சிறுமி. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து டால்ட்டன் ஊரில் கதரீன் எவன்ஸ் என்பாள் 1895 இல், தன் பதினைந்தாம் வயதளவில், கட்டில் விரிப்பு ஒன்றிலே கையால் இவ்வாறு நூற்குஞ்சம் இழைத்தாள். அக்கைவேலை அயற்பெண்களுக்கெல்லாம் பிழைப்பாகியது. பின் இயந்திரத்தில் ஏறியது. டால்ட்டன் உலகின் கம்பளத் தலைநகர் என்று பெயர் பெற்றது.

குத்திய நூலின் தலையை வெட்டாமல் வளையமாகவே விட்டால் அது வளையக் கம்பளம். வெட்டி ஒரே மட்டமாக நிமிர்த்தினால் வெல்வெற்றுப் போலாகும். பார்ப்பதற்கு அழகு; ஆனால் கால் பட்ட இடத்தில் மயிர் ஒருபுறம் சாய, ஒளி வேறாகப் பட்டு, அடிச்சுவடு தெரியும். நான் வாங்கியதன் குற்றம் இதுவே. மயிர் நீண்டிருந்தமையால் குற்றமும் நீண்டிருந்தது. மூன்றாவது வகை, நூலை இறுக முறுக்கி, சூட்டினால் அம்முறுக்கை நிலைநிறுத்தி, பின் வெட்டுவது. அதன் நுனிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். மேற்பரப்புச் சொரசொரப்பாக, குருணி அரிசி பரப்பியதுபோலத் தோன்றும். ஒளி சிதறுவதால் காலடியும் துடைத்த தடமும் புலப்படா. முறுக்கு மிகுந்தால் நுனி விரியாது. நுனி விரியாவிட்டால் கம்பளம் விரைவிற் கிழடாகாது. வீட்டுக்கு ஏற்றது இந்த முறுக்கிழைக் கம்பளமே என்றார் பெரியவர்.

அடர்த்தியைச் சோதிக்கும் வழியையும் காட்டினார். கம்பளத்தைப் பின்புறமாக வளைத்துப் பிடித்தார். மயிர் பிளந்து அடித்துணி பல்லைக் காட்டினால் அது அடர்த்தி குறைந்தது. விலை எவ்வளவு மலிவாயினும் வேண்டா. நீளமான மயிரினும் நெருக்கமான மயிரே காலுக்கு மென்மை தரும். தூசிக்கும் ஆழம் தராது.

இழையைப் பற்றியும் சொன்னார். ஆட்டு மயிர் தன் நிறையில் மூன்றில் ஒரு பங்களவு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததாகக் காட்டாது. குளிர்நாட்டில் அது குணம். கண்டியில் அதுவே குற்றம். பூச்சியும் அரிக்கும். நைலோன் 1935 இல் ஆய்வுசாலையிற் பிறந்தது, மிதித்தால் நிமிரும் வலிமையில் அதற்கு நிகர் குறைவு, விலை கூடியது. பொலியெஸ்ரர் மென்மையானது, கறை ஏறாது, ஆனால் நடைபாதையில் விரைவிற் படுத்துவிடும். பொலிபுரொப்பிலீன் நீரை உறிஞ்சாது, விலையும் மலிவு. எண்ணெய்க் கறையை விடாது, கனமான அலுமாரியின் கீழ்ப் படுத்தால் எழும்பாது. அடித்துணி சணலாக இருத்தல் இந்த ஊருக்கு ஆகாது; செயற்கை இழையே வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் ஓர் ஐயம் என் நெஞ்சில் எழுந்தது. "முறுக்கிழை காலடியை மறைக்கும் என்றீர்கள். தூசியையும் மறைக்குமல்லவா?" என்றேன். பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். "மறைக்கும், மாஸ்டர். மறைச்சாச் சுத்தமாயிட்டுது எண்டு நினைக்கிறவங்கதான் அதிகம்" என்றார்.

இதுவே நான் இக்கட்டுரையில் சொல்ல வந்தது. அழுக்கை மறைப்பது வேறு. அழுக்கை விடுவது வேறு. பராமரிப்புக் குறைந்த கம்பளம் என்று கடைக்காரர் பலர் விற்பது முன்னதை. வீட்டுக்காரர் கேட்க வேண்டியது பின்னதை. மாணவன் தன் பிழையை மை கொட்டி மறைத்தால் பிழை திருந்திவிடுமா? முறுக்கிழை ஒரு நல்ல துணை. ஆனால் தூக்கி வெளியிற் போட்டு, தட்டி, வெயில் காட்டி, மீண்டும் விரிக்கக் கூடியதாக இருந்தால் மட்டுமே அதன் குணம் குணமாகும். முன்போல எண்ணித் துணியாமல் பணம் கட்டிவிடவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வாங்கிறதுக்கு முந்தி இன்னோர் இடம் பார்ப்பம்" என்றாள்.

தும்பறைப் பாய்

அவள் சொன்ன இடம் குண்டசாலைக்கு அப்பால் மெனிக்கின்னையை அடுத்த கலாசிரிகம. தும்பறைப் பாய் நெய்யும் ஊர். கண்டியிலே முப்பது ஆண்டு வாழ்ந்தும் நான் அங்கே போனதில்லை. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கிலப் பெருநூல் இந்நெசவைப் போற்றுகின்றது என்று மாணவருக்குச் சொல்லியிருக்கிறேன். கொழும்பிலே தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர் கண்டிக் கைவினைஞரின் குடிசைகளைத் தேடிச் சென்று எழுதினார். அவரைப் பற்றிப் பேசும் நான் அரைநாட் பயணத்தைச் செய்யவில்லை.

இந்தப் பாயை நெய்வோர் கின்னரர் என்னும் சமூகத்தார். நம் காவியங்களிலே கின்னரர் என்றால் வானுலக இசைவாணர். கண்டி இராச்சியத்திலோ அப்பெயருடையோர் சாதி அடுக்கின் கீழ்ப்படிகளுள் ஒன்றில் நிறுத்தப்பட்டவர். அரண்மனைக்குப் பாய் நெய்து கொடுத்தவர்கள் அவர்களே. 1815 இல் இராச்சியம் முடிந்தது, நெசவு முடியவில்லை. 2021 இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இக்கைவினையை மானிடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது.

நாங்கள் சென்ற வீட்டில் நடுவயதுப் பெண்மணி ஒருவர் தறியின் முன் நிலத்தில் இருந்தார். தடித்த இலையைப் பலகையிற் கிடத்திச் சுரண்ட, சதை போய் வெள்ளை நார் வெளிவரும். அதனைக் கழுவி, உலர்த்தி, சிலவற்றுக்குச் சாயமேற்றி நெய்வர். பழைய முறையில் சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டை. மஞ்சளுக்கு மரமஞ்சட் கொடி. யானை, பறவை, பாம்பு, பூ என உருவங்கள் இழை எண்ணி எழுந்தன. இன்று பெரும்பாலும் கற்றாழை போன்ற செடியின் நாரைப் பயன்படுத்துகின்றனர். முற்காலத்தில் நியந்த என்று சிங்களத்தில் வழங்கும் செடியின் நார் பயன்பட்டது. அதற்கு இனமான செடியே நம் சங்க நூல்கள் கூறும் மரல். வீரனின் நடுகல்லுக்குச் சூட்டும் கண்ணியை மரல் நாரால் தொடுத்த செய்தி புறநானூற்றில் உண்டு. நான் அதனை என் மனைவிக்கு விரித்துரைக்கத் தொடங்கினேன். அவள் என்னைக் கையமர்த்திவிட்டு அப்பெண்மணியிடம் சிங்களத்தில், "இதை எப்படித் துப்புரவாக்குவது?" என்று கேட்டாள்.

பெண்மணி பாயை எடுத்து இருமுறை உதறினார். அவ்வளவுதான். மயிரில்லாத விரிப்பிலே தூசிக்கு ஒளியிடம் இல்லை. நீரில் நனைத்தல் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தாற் போதும் என்றார். பின்னர், "எல்லாரும் சுவரில் மாட்டத்தான் வாங்குகிறார்கள். நாங்கள் இருப்பதற்காகத்தான் நெய்தோம்" என்றார். நானும் சுவரில் மாட்டும் எண்ணத்தோடுதான் போயிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஆயினும் தும்பறைப் பாய் மட்டும் தாயாரின் குளிருக்குப் போதாது. நார் உறுதியானது, மெத்தென்று இராது. எனவே ஒன்றுக்கு இரண்டாகத் தீர்மானித்தோம்.

தூக்கிப் பார்த்தவள்

அடுத்த சனிக்கிழமை இருவரும் பெரியவரின் கடைக்குச் சென்றோம். நான் வாய் திறக்கவில்லை. என் மனைவி நான்கடி அகலமும் ஆறடி நீளமும் உள்ள முறுக்கிழைக் கம்பளம் ஒன்றைத் தெரிந்தாள். நைலோன் இழை, குறுகிய மயிர், செயற்கை அடித்துணி, மண்ணிறமும் சாம்பலும் கலந்த நிறம். வளைத்துப் பார்த்தாள், பல் தெரியவில்லை. பின்னர் அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கம்பளத்தைச் சுருட்டித் தன் இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு கடை வாயில்வரை நடந்து, திரும்பி வந்தாள். மூச்சு வாங்கவில்லை. "இது சரி" என்றாள். "முப்பது வருஷக் கடையில இப்பிடி ஒருத்தரும் தூக்கிப் பார்க்கல்ல" என்றார் பெரியவர்.

அவரே நினைவூட்டிய மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மினுங்கும் சீமெந்துத் தரையிலே சிறு விரிப்பு வழுக்கும். முதியோர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். ஆகவே அடியிலே வழுக்காத இறப்பர் வலை இட்டோம். ஓரம் மேலெழுந்து கால் தடுக்காதபடி பார்த்துக்கொண்டோம்.

அக்கம்பளம் இன்று தாயாரின் கட்டிலோரம் கிடக்கின்றது. கூடத்துத் தரை வெறுமையாகவே இருக்கின்றது. என் மனைவி அதனைத் தும்புத்தடியால் ஐந்து நிமிடத்திற் கூட்டிவிடுகிறாள். தும்பறைப் பாயைச் சாமி படத்தின் முன் விரித்திருக்கிறோம். மாலையில் அதிலிருந்து தேவாரம் படிப்பது என் வேலை. சனிக்கிழமை காலையில் மழை இல்லாவிட்டால் கம்பளத்தை முற்றத்துக் கொடியிற் போட்டு, தடியால் தட்டி, வெயில் காட்டி எடுப்பதும் என் வேலை. முதல் நாள் தட்டியபோது எழுந்த தூசியைக் கண்டேன். மேலே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு அழகாக மறைத்து வைத்திருந்தது. தட்டி முடித்ததும் இருமல் வந்தது. என் மனைவி ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

கம்பளம் வாங்கப் போகும் அன்பர்கள் நிறத்தையும் விலையையும் பின்னர் விசாரிக்கலாம். யாருடைய காலுக்கு என்பதை முதலிற் கேளுங்கள். யாருடைய கையால் துப்புரவாகும் என்பதை அதற்கும் முதலிற் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு உரியவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நேற்று விடியற்காலையில் தாயார் கட்டிலை விட்டு இறங்கும் ஓசை கேட்டது. வழக்கமாக வரும் முறைப்பாடு வரவில்லை. பக்கத்தில் என் மனைவியின் மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. இரண்டையும் கேட்டுக்கொண்டு சிறிது நேரம் படுத்திருந்தேன்.